எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு



நாம் எழுத்துக் கற்றோம். எண்ணும் கற்றோம். கற்ற எண் எதற்கெல்லாம் உதவுகிறது? பஸ் எண் பார்க்க உதவுகிறது. ரேஷன் கடை ரசீதைச் சரிபார்க்க உதவுகிறது. கூலிக் கணக்குப் போட உதவுகிறது. சோலார் பேனல் வாங்கும்போதும் எண் உதவும். எங்கள் மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள்.

1. மையத்துக்கு ஒரு விளக்கு

எங்கள் குடியிருப்பு டில்லியின் ஓரத்தில் இருக்கிறது. சேலம், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. ஆண்கள் காவல் வேலை, கட்டட வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் பலர் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். ஓர் அக்கா தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்கிறார்.

இரவு 7 மணிக்கு எங்கள் கற்போர் மையம் தொடங்கும். தகரக் கூரை போட்ட ஒரே அறை. வெயில் காலத்தில் அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விடும். புத்தகத்தை மூடிவிட்டுக் கதை பேசிக்கொண்டு இருப்போம்.

ஒரு நாள் பெண்கள் குழுவில் ஒரு முடிவு எடுத்தார்கள். குழுச் சேமிப்பிலிருந்து பணம் எடுப்பது. ஒரு சோலார் பேனலும் பேட்டரியும் விளக்கும் வாங்குவது.

"இங்கே அடிக்கிற வெயிலுக்குக் கரண்டு கொட்டுமே!" என்றார் பாட்டி. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2. கடையில் இரண்டு பேனல்

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் கடைக்குப் போனோம். இட்லிக் கடை அக்கா, பாட்டி, இன்னும் இரண்டு பெண்கள், நான்.

கடைக்காரர் இரண்டு பேனல்களைக் காட்டினார். ஒன்று நீல நிறம். சதுரம் சதுரமாகக் கட்டம் தெரிந்தது. அலுமினியச் சட்டம் போட்டிருந்தது. இன்னொன்று கறுப்புக் கண்ணாடி போல இருந்தது. கட்டம் இல்லை. மெல்லிய கோடுகள் மட்டும் மேலிருந்து கீழே ஓடின. சட்டமும் இல்லை. அது வேறு இடத்தில் பயன்படுத்திக் கழற்றிய பேனல்.

"இரண்டும் 100 வாட். விலையும் ஒன்றுதான். எது எடுத்தாலும் பகல் முழுக்க 100 வாட் வரும்" என்றார் கடைக்காரர்.

பாட்டி பணப்பையைத் திறந்தார். அப்போது இட்லிக் கடை அக்கா பேனலைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. அவர் எண் கற்று இன்னும் ஓராண்டுகூட ஆகவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"டீச்சர், இங்கே 100 போட்டிருக்கு. சரி. இங்கே 25-ன்னு போட்டு மேலே சின்ன வட்டம் இருக்கு. அது என்ன?"

"அது 25 டிகிரி வெப்பம் அக்கா."

"இங்கே 0.45 போட்டிருக்கு. அதுக்கு முன்னால ஒரு சின்னக் கோடு இருக்கே. போன வாரம் நீங்க சொன்னீங்களே, கழித்தல் கோடுன்னு. எதைக் கழிக்கிறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் கம்பெனிக்காரன் போடுறது. நமக்கு எதற்கு?" என்றார்.

அக்கா பேனலைக் கீழே வைத்தார். "பாட்டி, பையை மூடுங்க. அடுத்த வாரம் வருவோம்" என்றார்.

லேபிளில் இருந்த எண்களை எல்லாம் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வாரம் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். எங்கள் தெருவில் மின் வேலை பார்க்கும் அண்ணனிடமும் கேட்டேன். நான் அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

3. சீவலும் தோசையும்

சோலார் பேனல் ஒளியை மின்சாரமாக மாற்றுகிறது. அது இரண்டு விதமாகச் செய்யப்படுகிறது.

முதல் விதம், கட்டம் போட்ட பேனல். சிலிக்கான் என்னும் பொருளை உருக்கி, பெரிய கட்டியாக வார்ப்பார்கள். கட்டியை மெல்லிய வில்லைகளாக அறுப்பார்கள். வில்லைகளை வரிசையாக அடுக்கிக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டுவார்கள். இதைப் படிக சிலிக்கான் பேனல் என்பார்கள்.

இரண்டாம் விதம், கறுப்புக் கண்ணாடி போன்ற பேனல். இதில் வில்லை இல்லை. கண்ணாடியின் மேலேயே மின்சாரம் தரும் பொருளை மிக மெல்லியதாகப் படிய வைக்கிறார்கள். அந்தப் படலம் தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு மெல்லியது. அதனால் இதை மென்படலப் பேனல் என்கிறார்கள்.

இதை மையத்தில் சொன்னபோது இட்லிக் கடை அக்கா சிரித்தார். "புரிஞ்சு போச்சு. அது வாழைக்காய்ச் சீவல். இது கல்லுல வார்த்த தோசை" என்றார். இதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது!

மென்படலத்திலும் சில வகைகள் உண்டு. ஒன்று, காட்மியம் டெல்லுரைடு என்னும் பொருளால் ஆனது. இன்னொன்று, படிகம் ஆகாத சிலிக்கானால் ஆனது. சின்னக் கால்குலேட்டரின் மேலே ஒரு கறுப்புப் பட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது இந்த இரண்டாவது வகை.

ஒன்றை மறக்க வேண்டாம். கறுப்பாக இருப்பதெல்லாம் மென்படலம் அல்ல. இப்போது வில்லைப் பேனல்களும் கறுப்பு நிறத்தில் வருகின்றன. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. லேபிளைப் படிக்க வேண்டும்.

4. அந்தக் கோடு என்ன சொல்கிறது?

புது மோட்டார் சைக்கிள் வாங்கும்போது, "லிட்டருக்கு 60 கிலோமீட்டர்" என்பார்கள். நம் தெருவின் மேடு பள்ளத்தில் அது கிடைக்குமா? கிடைக்காது. நல்ல சாலையில் அளந்த கணக்கு அது.

பேனலில் எழுதிய 100 வாட்டும் அப்படித்தான். தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட நிலையில் வைத்து அளக்கிறார்கள். ஒளி அதிகம்: ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட். ஆனால் பேனலின் சூடு குறைவு: 25 டிகிரிதான். எல்லா நாட்டுப் பேனலையும் இப்படியே அளக்கிறார்கள். அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும்.

நம் கூரையில் பேனல் 25 டிகிரியில் இருக்குமா? மே மாதம் டில்லியில் காற்றே 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் கிடக்கும் பேனல் காற்றைவிட 25 முதல் 30 டிகிரி கூடுதலாகச் சுடும். 65 டிகிரிக்கு மேலும் போகும்.

இங்கேதான் நாம் எல்லோரும் தவறாக நினைத்தோம். வெயில் சுடச் சுடக் கரண்டு கொட்டும் என்று நினைத்தோம். உண்மை அப்படி இல்லை. பேனலுக்கு ஒளி வேண்டும். சூடு வேண்டாம். சூடு ஏறினால் மின்னழுத்தம், அதாவது வோல்ட், குறைகிறது. வோல்ட் குறைந்தால் வாட்டும் குறைகிறது.

எவ்வளவு குறையும்? அதைத்தான் அந்தச் சின்னக் கோடு சொல்கிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் இத்தனை சதவீதம் கழித்துக்கொள் என்கிறது.

நீலப் பேனலில் எழுதியிருந்தது: கழித்தல் 0.45 சதவீதம்.
கறுப்புப் பேனலில் எழுதியிருந்தது: கழித்தல் 0.28 சதவீதம்.

மையத்தில் எல்லோரும் சேர்ந்து கரும்பலகையில் கணக்குப் போட்டோம்.

பேனலின் சூடு 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.
65 - 25 = 40 டிகிரி கூடுதல்.

நீலப் பேனல்: 40 × 0.45 = 18 சதவீதம் குறையும். 100 வாட்டில் கிடைப்பது 82 வாட்.
கறுப்புப் பேனல்: 40 × 0.28 = 11.2 சதவீதம் குறையும். 100 வாட்டில் கிடைப்பது சுமார் 89 வாட்.

அதே கூரை, அதே வெயில். ஆனால் கடும் வெயிலில் மென்படலப் பேனல் சுமார் 7 வாட் கூடுதலாகத் தருகிறது.

"அப்போ கறுப்பையே வாங்கிடலாம்!" என்றார் பாட்டி.

"பொறுங்க பாட்டி. மே மாசம் மட்டும்தானா வருஷம்?" என்றார் இட்லிக் கடை அக்கா.

அவர் கேட்டது சரியான கேள்வி.

5. ஒரு வருடத்தின் கதை

டில்லியில் நான்கு விதமான காலங்களைப் பார்க்கிறோம். ஒவ்வொன்றும் பேனலை ஒவ்வொரு விதமாகப் பாதிக்கிறது.

வெயில் காலம்

சூட்டைப் பற்றி மேலே பார்த்தோம். வெயில் காலத்தில் புழுதிக் காற்றும் வீசும். ஒரே மாலையில் பேனல் மேல் மண் படிந்துவிடும். மண் படிந்தால் ஒளி உள்ளே போகாது. நீலம், கறுப்பு இரண்டுக்கும் இது இழப்புதான். துடைக்காத பேனல் எந்த வகையாக இருந்தாலும் ஒளி கெட்ட பேனல்தான்.

மழைக் காலம்

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கதிர்களும் உண்டு. சிவப்புக்கு அப்பால் இருப்பதை அகச்சிவப்புக் கதிர் என்பார்கள். படிக சிலிக்கான் அகச்சிவப்பில் கணிசமான பகுதியையும் மின்சாரமாக மாற்றுகிறது. மென்படலப் பேனல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே பயன்படுத்துகிறது.

காற்றில் ஈரம் கூடினால் என்ன ஆகும்? நீராவி அகச்சிவப்பில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். படிக சிலிக்கானுக்குக் கொஞ்சம் உணவு குறையும். மென்படலம் அந்த உணவை நம்பி இல்லை. அதனால் புழுக்கமான நாளில் மென்படலத்துக்கு இழப்பு குறைவு.

ஆனால் ஈரத்தால் வேறொரு ஆபத்து உண்டு. மென்படலம் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மூடி வைத்த பொருள். ஓரம் உடைந்தாலோ, விரிசல் விட்டாலோ ஈரம் உள்ளே நுழையும். படலம் கெட்டுப் போகும். விரிசல் விட்ட பேனலை விலை மலிவு என்று வாங்கக் கூடாது.

புகைக் காலம்

அக்டோபர், நவம்பர் மாதங்களில் டில்லியில் புகை மூடுகிறது. நம் கண் எரிகிறது. மூச்சு முட்டுகிறது. பேனலுக்கும் மூச்சு முட்டுகிறது! 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. டில்லியில் காற்று மாசினால் பேனல் ஓராண்டில் பெறும் ஒளியில் சுமார் 12 சதவீதம் குறைகிறது என்று அது கூறியது.

புகைத் துகள்கள் நீல ஒளியையே அதிகம் தடுக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியை நம்பி இருக்கும் மென்படலத்துக்கு இது கூடுதல் நஷ்டம். இங்கே படிக சிலிக்கான் சற்று மேல்.

பனிக் காலம்

டிசம்பர், ஜனவரியில் சூரியன் தாழ்வாக நிற்கும். பகல் குறுகும். மூடுபனி விலகப் பத்து, பதினோரு மணி ஆகும். தாழ்ந்த சூரியனின் ஒளி சிவந்து இருக்கும். சூடு இல்லாததால் நீலப் பேனலுக்கு வெயில் கால இழப்பு இல்லை. மென்படலத்துக்கு இருந்த சாதகம் இப்போது மறைந்துவிடும்.

டில்லிக்குப் பக்கத்தில், குருகிராமில், குவால் பஹாரி என்ற இடம் இருக்கிறது. அங்கே தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் உள்ளது. அது அரசு நிறுவனம். அங்கே பல வகைப் பேனல்களைத் திறந்த வெளியில் அருகருகே வைத்து அளந்தார்கள். படிகம் ஆகாத சிலிக்கான் மென்படலம் வெயில் காலத்தில் முந்தியது. பனிக் காலத்தில் பிந்தியது. நாம் கரும்பலகையில் பேசியதை அங்கே அளந்தே பார்த்துவிட்டார்கள்.

6. முதல் சில மாதங்கள்

படிகம் ஆகாத சிலிக்கான் பேனலுக்கு விநோதமான குணம் ஒன்று உண்டு. புதிதாக வெயிலில் வைத்தவுடன் நன்றாக வேலை செய்யும். பிறகு முதல் சில மாதங்களில் அதன் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அப்புறம் ஓர் அளவில் நின்றுவிடும். 1977-இல் ஸ்டேப்ளர், ரான்ஸ்கி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். அவர்கள் பெயரே இந்தக் குணத்துக்கும் வந்துவிட்டது.

இன்னும் ஒரு விநோதம். கோடைச் சூட்டில் இந்தப் பேனல் இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும். வெயிலே அதற்கு நோய். வெயிலின் சூடே அதற்கு மருந்து!

ஆகவே இந்த வகையை வாங்கினால், கடையில் காட்டும் முதல் நாள் ஒளியை நம்பக் கூடாது. "சில மாதம் கழித்து நிலையாக எத்தனை வாட் வரும்?" என்று கேட்க வேண்டும்.

7. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

மென்படலப் பேனலில் மெல்லிய கோடுகள் ஓடுவதைச் சொன்னேன். இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பட்டையும் ஒரு மின்கலம். பட்டைகள் ஒன்றோடு ஒன்று சங்கிலி போல இணைந்துள்ளன. சங்கிலியில் ஒரு கண்ணி அடைத்தால் மின்சாரம் முழுவதும் தடைபடும்.

கொடிக் கம்பத்தின் நிழல் பட்டைகளுக்குக் குறுக்கே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பட்டையிலும் கொஞ்சம் மறையும். மீதி இடத்தில் ஒளி விழும். இழப்பு குறைவு. அதே நிழல் ஒரு பட்டையின் மேல் நீளவாக்கில் முழுவதும் விழுந்தால் இழப்பு பெரிது. அதனால் பேனலைப் பொருத்தும் முன் நிழலைப் பார்க்க வேண்டும். காலை ஒரு முறை, நடுப்பகல் ஒரு முறை, மாலை ஒரு முறை பார்க்க வேண்டும்.

8. பாலைவனத்தில் ஒன்று, நம் ஊரில் ஒன்று

மென்படலப் பேனல் எங்கே நன்றாகப் பொருந்தும்? சூடு மிகுந்த, இடம் தாராளமாக உள்ள ஊரில் பொருந்தும். ராஜஸ்தானில் தார்ப் பாலைவனம் இருக்கிறது. அங்கே பொக்ரான் அருகே துர்சார் என்று ஒரு கிராமம். 2012-இல் அங்கே 40 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தார்கள். அதில் காட்மியம் டெல்லுரைடு மென்படலப் பேனல்களைப் பொருத்தினார்கள். பாலைவனச் சூட்டில் இழப்பு குறையும் என்பது அதன் பலன்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஓர் அமெரிக்கக் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் அருகே இதே வகைப் பேனல் செய்யும் தொழிற்சாலையை அமைத்தது. 2024 ஜனவரியில் அதைத் திறந்து வைத்தார்கள். இதைச் சொன்னதும் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஊர்லயே தோசை வார்க்கிறாங்களா?" என்றார்.

9. நாங்கள் எதை வாங்கினோம்?

அடுத்த ஞாயிறு மின் வேலை பார்க்கும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். அண்ணன் லேபிளில் இன்னும் ஓர் எண்ணைக் காட்டினார். அது வோல்ட்.

நீலப் பேனலில் அது 22 வோல்ட். கறுப்புப் பேனலில் 87 வோல்ட்.

"நாம வாங்கப் போறது 12 வோல்ட் பேட்டரி. நடுவுல ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் மாட்டணும். சாதாரண சின்ன கன்ட்ரோலர் 87 வோல்ட்டைத் தாங்காது. எரிஞ்சு போகும். தொட்டா ஷாக்கும் அடிக்கும். பெரிய நிலையத்துல அதுக்கேத்த கருவி வெச்சிருப்பாங்க. நமக்கு அது கட்டுப்படி ஆகாது" என்றார் அண்ணன்.

கறுப்புப் பேனலின் ஒரு மூலையில் முடி போல ஒரு விரிசலும் இருந்தது. போன வாரம் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பாட்டி மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்குப் பையைத் திறந்துட்டேனே. குழுக் காசு மொத்தமும் போயிருக்கும்."

நாங்கள் நீலப் பேனலை வாங்கினோம். நன்கு வார்த்த தோசை பாலைவனத்துக்கு நல்லது. எங்கள் தகரக் கூரைக்குச் சீவலே பொருந்தியது. உங்கள் ஊருக்கு எது பொருந்தும்? உங்கள் ஊரின் சூடு, தூசி, நிழல், இடம், பேட்டரி இவற்றைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேனல் 82 வாட்தான் தரும் என்று முன்பே தெரிந்ததால், அதற்கேற்ற விளக்கை வாங்கினோம். ஏமாற்றம் இல்லை.

10. எந்தப் பேனலுக்கும் இவை பொருந்தும்

* பேனலைத் தகரத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடியில் காற்று ஓடினால் சூடு குறையும்.
* விடியற்காலையில் துடையுங்கள். நண்பகலில் சுடும் கண்ணாடி மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி விரிசல் விடலாம்.
* மெல்லிய துணியும் தண்ணீரும் போதும். தேங்காய் நார், சாம்பல், பாத்திரம் தேய்க்கும் தூள் வேண்டாம். கீறல் விழும்.
* கொடியில் துணி காயப் போடும்போது பேனல் மேல் நிழல் விழாமல் பாருங்கள்.
* சட்டம் இல்லாத பேனலை ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். மேலே ஏறி நிற்காதீர்கள்.
* காட்மியம் நச்சுத்தன்மை உள்ள உலோகம். பேனல் முழுதாக இருக்கும்வரை அது கண்ணாடிக்குள் அடங்கி இருக்கும். உடைந்த மென்படலப் பேனலைக் குழந்தைகள் தொட விடாதீர்கள். எரிக்காதீர்கள். குப்பையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்துள்ளது. அதை முறைப்படி திரும்ப ஒப்படைக்க வேண்டும்.

இப்போது எங்கள் மையத்தில் கரண்டு போனாலும் பாடம் நடக்கிறது. சுவரில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறோம். தேதி, வெயிலா, மேகமா, புகையா, விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று முறை வைத்து எழுதுகிறார்கள். பாட்டியும் எழுதுகிறார்.

போன வாரம் காவல் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் தன் சம்பளச் சீட்டைக் கொண்டு வந்தார். இட்லிக் கடை அக்கா அதை விளக்கின் கீழே விரித்தார். விரலை வைத்துப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"அண்ணே, இந்த எண்ணுக்கு முன்னால ஒரு கோடு இருக்கு. எதுக்குக் கழிச்சாங்கன்னு கேட்டீங்களா?"

கணக்குப் போடுவோம்

1. ஒரு பேனலில் 200 வாட் என்று எழுதியுள்ளது. கழித்தல் 0.30 சதவீதம் என்றும் எழுதியுள்ளது. பேனலின் சூடு 55 டிகிரி. எத்தனை வாட் கிடைக்கும்?
(வழி: 55 - 25 = 30. 30 × 0.30 = 9 சதவீதம். 200-இல் 9 சதவீதம் 18. விடை: 182 வாட்.)

2. அதே பேனலின் சூடு 65 டிகிரி ஆனால் எத்தனை வாட் கிடைக்கும்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊரில் பேனலுக்குப் பெரிய எதிரி எது? சூடா, தூசியா, ஈரமா, புகையா, நிழலா?
2. கடைக்காரர், "இதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?
3. உங்கள் வீட்டில் லேபிள் உள்ள பொருள்கள் எவை? ஒன்றை எடுத்து வந்து வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.

சொற்களை அறிவோம்

மென்படலம் - மிக மெல்லிய பூச்சு
மின்னழுத்தம் - மின்சாரத்தைத் தள்ளும் விசை, வோல்ட்டில் அளப்பது
வாட் - மின் திறனின் அளவு
அகச்சிவப்பு - சிவப்புக்கு அப்பால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கதிர்
சதவீதம் - நூற்றில் எத்தனை பங்கு